ரோம்பிகோசிடோடெகாஹீட்ரல்: அசைகள் எத்தனை, உறுப்புகள் எத்தனை?

கேள்வி (ஒரு மாணவியின் தாய்)

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பள்ளியின் கணிதக் கண்காட்சிக்காக அட்டையை வெட்டி ஒட்டி, 62 முகங்கள் கொண்ட ஒரு திண்மத்தை மூன்று வாரமாக உட்கார்ந்து செய்து முடித்திருக்கிறாள். 20 முக்கோணங்களுக்கு மஞ்சள், 30 சதுரங்களுக்கு வெள்ளை, 12 ஐங்கோணங்களுக்கு நீலம் என்று வண்ணமும் தீட்டிவிட்டாள். மாதிரி மிக அழகாக வந்திருக்கிறது. அதன் பெயர்தான் எங்கள் வாயில் நுழைய மறுக்கிறது. பக்கத்தில் வைக்கும் விளக்க அட்டையில் அந்த வடிவத்தைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடையை எழுதி, பார்க்க வருபவர்களிடம் அதைத் தடுமாறாமல் சொல்லி, அதன் பொருளையும் விளக்கவேண்டும் என்று அவளுடைய ஆசிரியை கூறியிருக்கிறார்.

அந்தச் சொல்லின் எழுத்துகளை வரிசையாகத் தருகிறேன்: ஆர், எச், ஓ, எம், பி, ஐ, சி, ஓ, எஸ், ஐ, டி, ஓ, டி, இ, சி, ஏ, எச், இ, டி, ஆர், ஏ, எல். மொத்தம் 22 எழுத்துகள்.

இதில் எத்தனை அசைகள் என்று கேட்டால் எங்கள் வீட்டில் மூன்று பேரும் மூன்று விடை சொல்கிறோம். மகள் ஒன்பது என்கிறாள். நான் மோவாயின் கீழே கையை வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். எட்டு முறைதான் தாடை இறங்கியது. ஓய்வு பெற்ற தமிழாசிரியரான என் தந்தையார் அதைத் தமிழில் எழுதி, கோடு போட்டுப் பிரித்து, ஆறு என்று உறுதியாகக் கூறுகிறார். மூவரில் யார் சொல்வது சரி?

இரண்டாவது ஐயம் சொல்லின் உறுப்புகளைப் பற்றியது. மகள் இதனை ‘ரோம்பி’, ‘கோசி’, ‘டோடெகா’, ‘ஹீட்ரல்’ என்று நான்காகப் பிரித்து வைத்திருக்கிறாள். ஆனால் ‘ரோம்பி’ என்பதற்கோ ‘கோசி’ என்பதற்கோ அகராதியில் பொருள் கிடைக்கவில்லை. முதல் பகுதி சாய்சதுரத்தைக் குறிக்கும் ரோம்பஸ் என்றால், அவள் செய்த மாதிரியில் சாய்சதுரம் ஒன்றுகூட இல்லையே? இல்லாத ஒன்றின் பெயர் எப்படி முதலில் வந்து நின்றது என்று யாராவது கேட்டால் அவள் என்ன சொல்வாள்? தெரிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.


மறுமொழி 1 (பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர்)

சகோதரிக்கு வணக்கம். உங்கள் மகளின் எண்ணிக்கையே சரி; இச்சொல்லில் ஒன்பது அசைகள் உள்ளன. எனினும் நீங்களும் உங்கள் தந்தையாரும் வேறு எண்களுக்கு வந்ததற்குத் தக்க காரணங்கள் இருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொண்டால் உச்சரிப்பும் பாதி கைவந்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆங்கிலத்தில் அசை என்பது, அதாவது சிலபிள் என்பது, ஓர் உயிரொலியைச் சுற்றி அமைவது. உயிர் எழுத்துகளை எண்ணினால் அசைகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ‘கேக்’ என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளில் இரண்டு உயிர்கள் உள்ளன, ஒலிப்பதோ ஓர் அசைதான். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் சொல் இவ்வகையில் மிக நேர்மையானது. இரண்டு உயிர் எழுத்துகள் எங்கும் அடுத்தடுத்து நிற்கவில்லை, ஒலிக்காத உயிரும் இல்லை. ஓ, ஐ, ஓ, ஐ, ஓ, இ, ஏ, இ, ஏ என்று இடமிருந்து வலமாக எண்ணுங்கள். ஒன்பது உயிர்கள், ஒன்பது அசைகள். ரோம், பி, கோ, சி, டோ, டெக், அ, ஹீ, ட்ரல் என்று அவை வரும். 22 எழுத்துகளில் ஒலிக்காமல் நிற்பது ஆர் என்பதை அடுத்து வரும் எச் ஒன்றுதான். கிரேக்கத்திலிருந்து வந்த ‘ரிதம்’ போன்ற சொற்களிலும் அந்த எச் இவ்வாறே வாய் திறவாமல் நிற்கும்.

உங்களுக்கு எட்டு வந்தது ‘டெக்’ என்பதற்கும் ‘ஹீ’ என்பதற்கும் இடையில் இருக்கும் மெலிந்த ‘அ’ ஒலியால். வேகமாகச் சொல்லும்போது நம்மில் பலர் அதை விழுங்கி ‘டோடெக்ஹீட்ரல்’ என்று சொல்லிவிடுகிறோம். விழுங்காமல் சொன்னாலும் அந்த ஒலிக்குத் தாடை பெரிதாக இறங்குவதில்லை. மோவாயில் கை வைத்து எண்ணும் முறை அழுத்தமான உயிர்களுக்கு நன்றாகப் பயன்படும், மெலிந்த உயிர்களிடம் ஏமாற்றிவிடும். என் வகுப்புகளில் பிள்ளைகளை மேசையில் விரலால் தட்டி எண்ணச் சொல்வேன். ‘டெக்’ ஒரு தட்டு, ‘அ’ ஒரு தட்டு, ‘ஹீ’ ஒரு தட்டு என்று அந்த இடத்தில் மட்டும் வேண்டுமென்றே நிதானமாகத் தட்டிப் பாருங்கள்.

உங்கள் தந்தையார் ஆறு என்றது பிழையே அன்று. அவர் எண்ணியது வேறு அளவுகோலால். ‘ரோம்பிகோசிடோடெகாஹீட்ரல்’ என்று எழுதி யாப்பிலக்கணப்படி அலகிட்டால் ரோம், பிகோ, சிடோ, டெகா, ஹீட், ரல் என்று பிரியும். ரோம், ஹீட், ரல் ஆகியவை நேரசை. பிகோ, சிடோ, டெகா ஆகியவை குறிலை அடுத்து நெடில் வந்த நிரையசை. ஆக ஆறு அசைகள் என்பது தமிழ் யாப்பின்படி முற்றிலும் சரியான கணக்கு. நிரையசையில் இரண்டு உயிர்கள் ஒன்றாக எண்ணப்படும். ஆங்கில அசையில் ஒவ்வோர் உயிரும் தனித்தனியே எண்ணப்படும். மூன்று நிரையையும் இரண்டிரண்டாக எண்ணினால் அவருடைய ஆறும் ஒன்பதாகிவிடுவதை அவரிடமே காட்டுங்கள், மகிழ்வார். நாம் இரண்டையும் ‘அசை’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதனால் வந்த குழப்பம் இது. எத்தனையோ வகுப்பறைகளில் இதே குழப்பத்தை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்து அழுத்தம். தலைமை அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையான ‘ஹீ’ மீதுதான் விழும். முதல் அசையான ‘ரோம்’ மீதும், மூன்றாவதான ‘கோ’ மீதும் துணை அழுத்தம் வரும். அதற்குப் பிறகு ‘டோ’ மீது அழுத்துபவர்களும் உண்டு, ‘டெக்’ மீது அழுத்துபவர்களும் உண்டு. இரண்டையும் அகராதிகள் ஏற்கின்றன. நான் ‘டெக்’ என்பதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் அதில் அழுத்தம் வைத்தால் அடுத்து வரும் மெலிந்த ‘அ’ தானாகவே இடம்பெற்றுவிடும். பெயர்ச்சொல்லில் ‘ஹீட்ரன்’ என்று முடிவது பெயரடையில் ‘ஹீட்ரல்’ என்று முடிகிறது. அசைகளின் எண்ணிக்கையும் அழுத்தத்தின் இடமும் மாறுவதில்லை. எல்லா வடிவச் சொற்களும் இவ்வளவு இணக்கமாக இருப்பதில்லை. ‘பாலிகன்’ என்ற பெயர்ச்சொல்லில் முதல் அசையில் இருக்கும் அழுத்தம், பெயரடையில் இரண்டாம் அசைக்கு நகர்ந்து, ஓர் அசையும் கூடிவிடுகிறது.

தமிழில் எழுதி வைத்துப் படிப்பதனால் ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் உண்டு. ‘ம்’ என்பதை அடுத்து வரும் ‘பி’ நம் நாவில் இயல்பாகவே மென்மையாக ஒலிக்கும், இங்கே அதுதான் வேண்டும். உயிர்களுக்கு இடையில் வரும் ‘டோ’, ‘டெ’ ஆகியவையும் அவ்வாறே சரியாக அமைந்துவிடும். ‘கோ’, ‘கா’ ஆகிய இரண்டும்தான் உயிர்களுக்கு நடுவில் நின்று மெலிந்துவிடுகின்றன. ‘பகல்’ என்பதிலுள்ள ககரத்தை நினைத்துக்கொண்டால் நான் சொல்வது விளங்கும். ஆகவே மகளின் குறிப்பில் ‘ரோம்பிக்கோசிடோடெக்காஹீட்ரல்’ என்று ஒற்று மிகுத்து எழுதி வையுங்கள். ‘ட்ரல்’ என்ற முடிவுக்கு மட்டும் எழுத்தில் வழி இல்லை. ‘டிராக்டர்’ என்பதன் தொடக்கத்தைப் போல் வல்லொலியாக அதைப் படித்துவிடக் கூடாது, ‘டிரம்’ என்ற மேளத்தின் பெயரிலுள்ள மெல்லொலியாகச் சொல்லவேண்டும் என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். முதல் எழுத்தையும் ‘ரோ’ என்று இழுக்கவேண்டாம். பிரிட்டிஷ் முறையில் குறுகிய ‘ரொம்’, அமெரிக்க முறையில் ஏறக்குறைய ‘ராம்’.

பயிற்சிக்குச் சொல்லின் தொடக்கத்திலிருந்து வரவேண்டாம், முடிவிலிருந்து வாருங்கள். முதலில் ‘ஹீட்ரல்’ என்பதை மட்டும் பத்து முறை. பிறகு ‘டெக்காஹீட்ரல்’. பிறகு ‘டோடெக்காஹீட்ரல்’. அதன் பின் ‘கோசிடோடெக்காஹீட்ரல்’. கடைசியாக ‘ரொம்பி’ என்பதைச் சேருங்கள். தொடக்கத்திலிருந்து கற்றால் போகப் போகச் சொல் புதிதாகிக்கொண்டே வரும்; முடிவிலிருந்து கற்றால் போகப் போகப் பழகிய இடத்துக்குள் நுழைவோம், தலைமை அழுத்தமும் அங்கேதான் இருக்கிறது.


மறுமொழி 2 (கணித ஆசிரியர், சொற்பிறப்பில் ஆர்வமுள்ளவர்)

உச்சரிப்பைப் பற்றி முன்னவர் எழுதியதில் நான் சேர்க்க எதுவும் இல்லை. உறுப்புகளைப் பற்றியும், காணாமற்போன சாய்சதுரத்தைப் பற்றியும் எழுதுகிறேன்.

உங்கள் மகள் ‘ரோம்பி’ என்று வெட்டியது காதால் வெட்டியது. பொருளால் வெட்டினால் கத்தி ஓர் எழுத்து முன்னதாகவே விழவேண்டும். முதல் உறுப்பு ‘ரோம்ப்’, இரண்டாவது உறுப்பு ‘இகோசி’. முதலாவது மெய்யில் முடிகிறது, அடுத்தது உயிரில் தொடங்குகிறது. மெய்யின் மேல் உயிர் ஏறி ‘பி’ ஆகிவிட்டது. ‘உயிர்’ என்பதோடு ‘எழுத்து’ சேர்ந்து ‘உயிரெழுத்து’ ஆகும்போது ரகரம் முதற்சொல்லுக்கு உரியதாக இருந்தும் வாயில் அடுத்த சொல்லின் எகரத்தோடு ஒட்டிக்கொள்வது போன்றதே இது. உங்கள் தந்தையார் புணர்ச்சி இலக்கணத்தில் இதை எத்தனையோ பிள்ளைகளுக்குக் கற்பித்திருப்பார். பேத்திக்கு அவரே விளக்கினால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஆக, உறுப்புகள் இவை: ரோம்ப், இகோசி, டோ, டெகா, ஹீட்ர், அல். ‘டோடெகா’ என்பதை ஒன்றாக எண்ணினால் ஐந்து, உடைத்து எண்ணினால் ஆறு. இந்த ஆறு உறுப்புகளுக்கு இடையே ஐந்து தையல்கள் உள்ளன. அவற்றில் மூன்று, அசை முடியும் இடத்திலேயே முடிகின்றன. இரண்டு தையல்கள் மட்டும் அசையின் வயிற்றுக்குள் ஓடுகின்றன. ஒன்று நாம் பார்த்த ‘பி’. மற்றொன்று கடைசி அசையான ‘ட்ரல்’. அதில் ‘ட்ர்’ ஒரு சொல்லின் வால், ‘அல்’ இன்னொரு மொழியிலிருந்து வந்த விகுதி. அசையை எண்ணும்போது உறுப்பை மறந்துவிடவேண்டும், உறுப்பைப் பிரிக்கும்போது அசையை மறந்துவிடவேண்டும். இரண்டையும் ஒரே கோட்டால் பிரிக்க முயன்றதனால்தான் அகராதியில் பொருள் இல்லாத ‘ரோம்பி’யும் ‘கோசி’யும் பிறந்தன.

ஒவ்வோர் உறுப்பாகப் பார்ப்போம். ‘ரோம்போஸ்’ என்பது கிரேக்கத்தில் சுழலும் பொருளைக் குறித்த சொல். கயிற்றில் கட்டிச் சுழற்றினால் உறுமும் ஒரு கருவிக்கு அப்பெயர் இருந்தது. வடிவவியலில் அது சாய்சதுரத்தின் பெயராயிற்று. ‘எய்கோசி’ என்றால் இருபது. ‘டோடெகா’ என்பது ‘இரண்டு’ என்ற சொல்லும் ‘பத்து’ என்ற சொல்லும் சேர்ந்தது. நாம் பத்தை முன்னே வைத்துப் பன்னிரண்டு என்கிறோம், கிரேக்கர் இரண்டை முன்னே வைத்தனர். வடமொழியிலும் அதே வரிசைதான். ஏகாதசிக்கு மறுநாள் வரும் துவாதசி நம் வீடுகளில் பழகிய சொல். அதிலுள்ள ‘துவாதச’ என்பதும் ‘டோடெகா’ என்பதும் ஒரே மூதாதையின் பிள்ளைகள்.

‘ஹெட்ரா’ என்ற உறுப்பைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள், எனக்கு இச்சொல்லில் மிகவும் பிடித்த இடம் அது. ‘ஹெட்ரா’ என்றால் கிரேக்கத்தில் இருக்கை, அமரும் இடம். ஒரு திண்மத்தை மேசையில் வைத்தால் எந்தப் பக்கத்தின் மேல் அது அமர்ந்து நிற்குமோ அந்தப் பக்கம் அதன் இருக்கை. மகள் செய்த மாதிரியை முக்கோணத்தின் மேலும், சதுரத்தின் மேலும், ஐங்கோணத்தின் மேலும் மாறி மாறி அமர வைத்துப் பாருங்கள். 62 வகையில் அதனை அமர்த்தலாம். நாம் நான்முகி, எண்முகி என்று முகத்தை வைத்துப் பெயரிடுகிறோம். அவர்கள் இருக்கையை வைத்துப் பெயரிட்டார்கள். வடமொழிச் சொல் சகரத்தில் தொடங்கும் இடத்தில் கிரேக்கம் பல வேளைகளில் ஹகரத்தில் தொடங்கும். ஏழைக் குறிக்கும் ‘சப்த’ அங்கே ‘ஹெப்டா’ ஆகிறது. அந்த வழியில் ‘ஹெட்ரா’ என்பதன் வேரும், அமர்தலைக் குறிக்கும் வடமொழி ‘சத்’ என்ற வேரும் ஒன்றே. குருவின் அருகே அமர்தல் என்று பொருள் கூறப்படும் உபநிடதம் என்ற சொல்லுக்குள் அந்த வேர்தான் உறங்குகிறது.

இன்னும் அருகில் ஓர் உறவு உண்டு. சென்னையில் கதீட்ரல் சாலையைக் கடந்து போகாதவர்கள் குறைவு. ஆயர் அமரும் இருக்கை உள்ள தேவாலயம் கதீட்ரல். ‘கீழே’ என்ற பொருள் தரும் ‘கதா’ என்ற முன்னொட்டும் இதே ‘ஹெட்ரா’வும் சேர்ந்து பிறந்த சொல் அது. ஆங்கிலத்தில் ‘கதீட்ரல்’ என்பதில் அழுத்தம் எங்கே விழுகிறதோ, எந்த உயிர் நீள்கிறதோ, அதுவேதான் ‘ஹீட்ரல்’ என்பதிலும். வாய்க்குப் பழகிய அந்தச் சாலையின் பெயரைச் சொல்லிவிட்டு ‘ஹீட்ரல்’ என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், தானாக வரும். கடைசி விகுதியான ‘அல்’ மட்டும் லத்தீன். முழுக் கிரேக்க உடலுக்கு லத்தீன் வால். அதுதான் இதைப் பெயரடையாக்குகிறது.

இப்போது காணாமற்போன சாய்சதுரம். இவ்வகையான 13 திண்மங்களை ஆர்க்கிமிடீஸ் ஆராய்ந்தார் என்று அலெக்சாந்திரியாவின் பாப்பஸ் குறித்திருக்கிறார். ஆர்க்கிமிடீஸ் எழுதியது நமக்குக் கிடைக்கவில்லை. அவற்றை மீண்டும் முழுமையாக ஆய்ந்து பெயர்களைச் சூட்டியவர் யோகான்னஸ் கெப்ளர். அவருடைய ‘ஹார்மோனிசஸ் முண்டி’ 1619-இல் வெளிவந்தது. 30 சாய்சதுர முகங்கள் கொண்ட ஒரு திண்மத்தை அவர் ‘இருபதுமுக பன்னிருமுக ரோம்பஸ்’ என்ற பொருளில் அழைத்தார். அதற்கு நல்ல காரணம் உண்டு. அந்த 30 சாய்சதுரங்களின் நீண்ட மூலைவிட்டங்களை மட்டும் வரைந்தால் அவை இருபதுமுகியின் 30 விளிம்புகளாக அமைகின்றன. குறுகிய மூலைவிட்டங்களை வரைந்தால் பன்னிருமுகியின் 30 விளிம்புகள் கிடைக்கின்றன. இரண்டு திண்மங்களும் ஒரே சாய்சதுரத் திண்மத்துக்குள் ஒளிந்திருக்கின்றன. அந்தத் திண்மத்தின் முனைகளை வெட்டினால் கிடைப்பதுதான் உங்கள் மகள் செய்திருக்கும் மாதிரி. கெப்ளர் கொடுத்த பெயர் ‘வெட்டப்பட்ட இருபதுமுக பன்னிருமுக ரோம்பஸ்’ என்பதன் சுருக்கம்.

வெட்டும்போது நடப்பதை மகள் ஒரு தாளில் வரைந்தே காட்டலாம். அந்தச் சாய்சதுரத்தில் நீண்ட மூலைவிட்டம் குறுகியதைப் போல் ஏறத்தாழ 1.618 மடங்கு, அதாவது தங்க விகிதம். ஒவ்வொரு பக்கத்திலும், கூர்முனையிலிருந்து பக்க நீளத்தின் ஏறத்தாழ 0.618 பங்கு தொலைவில் ஒரு புள்ளி வைத்து, நான்கு புள்ளிகளையும் வரிசையாக இணைத்தால் நடுவில் சரியான சதுரம் கிடைக்கும். ஐந்து கூர்முனைகள் கூடும் 12 இடங்கள் வெட்டுப்பட்டு ஐங்கோணங்கள் ஆகின்றன. மூன்று விரிமுனைகள் கூடும் 20 இடங்கள் முக்கோணங்கள் ஆகின்றன. 30 சாய்சதுரங்கள் 30 சதுரங்களாகச் சுருங்குகின்றன. யாராவது சாய்சதுரம் எங்கே என்று கேட்டால், அவள் வெள்ளை வண்ணம் தீட்டியிருக்கும் சதுரங்களில் ஒன்றைத் தொட்டு, இதைச் சுற்றி இருந்தது என்று சொல்லட்டும். பெயரிலுள்ள மூன்று உறுப்புகளும் அப்போது கண்ணுக்குத் தெரியும்: ரோம்ப் வெள்ளையில், இகோசி மஞ்சளில், டோடெகா நீலத்தில்.


கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தந்தையாரிடம் நிரையசைக் கணக்கைக் காட்டினோம். அவரே தாளை வாங்கி மூன்று நிரையையும் உடைத்து ஒன்பது என்று எழுதினார். முடிவிலிருந்து சொல்லும் பயிற்சி நன்றாகப் பலித்தது. நேற்று இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மகள் முழுச் சொல்லையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். ‘டெக்’ என்பதை அடுத்த மெலிந்த ‘அ’ மட்டும் மூன்று முறைக்கு ஒரு முறை தவறுகிறது.

இப்போது அவளுக்குப் புதிதாக இரண்டு ஐயங்கள். இருபதுமுகியைத் தனியாகக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘ஐகோசாஹீட்ரன்’. அதில் தொடக்கம் ‘ஐ’ என்று ஒலிக்கிறது, நடுவில் ‘சா’ வருகிறது. இங்கே அதே இருபது ‘இகோசி’ என்று ஏன் மாறியது? மேலும், ‘ஹெட்ரா’ என்பதே மூலம் என்றால் ‘ஹெட்ரல்’ என்று குறிலாகச் சொல்வது தவறா?


மறுமொழி 3 (மொழியியல் படிப்பவர்)

உங்கள் மகளின் முதல் ஐயத்தில் இரண்டு தனித்தனிச் செய்திகள் உள்ளன. எழுத்தில் மாறியது ஒன்று, ஒலியில் மாறியது மற்றொன்று.

எழுத்தைப் பொறுத்தவரை இகரத்தில் முடியும் ‘எய்கோசி’தான் எண்ணின் இயல்பான வடிவம். அகரத்தில் முடியும் வடிவம் ஆங்கிலேயர் செய்த பிழை அன்று. இருபதுமுகியின் பெயர் கிரேக்கத்திலேயே அகரத்தோடுதான் வழங்கியது. நான்கிற்கு ‘டெட்ரா’, ஏழிற்கு ‘ஹெப்டா’, பத்திற்கு ‘டெகா’ என்று எண்ணடைகள் பலவும் அகரத்தில் முடிவதால், இருபதும் கூட்டத்தோடு சேர்ந்து அகரத்தை ஏற்றுக்கொண்டது. தமிழிலும் ஒரு சொல்லின் வடிவம் பக்கத்துச் சொல்லைப் பார்த்து மாறுவதுண்டு. இருபதையும் பன்னிரண்டையும் இணைத்துச் சொல்லும் இந்தப் பெயரில் பழைய இகர வடிவம் அப்படியே நிலைத்துவிட்டது.

ஒலியைப் பொறுத்தவரை, ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் நிற்கும்போது அந்த எழுத்து ‘ஐ’ என்று ஒலிக்கிறது. ‘ரோம்ப்’ என்பதன் பின்னே வந்து மெய்யின் மேல் ஏறியதும் தன் தனித்தன்மையை இழந்து குறுகிய ‘இ’ ஆகிவிடுகிறது. முதல் மறுமொழியில் ‘பி’ என்று மட்டுமே குறிப்பிட்டிருந்தார்கள். அதுவே பெருவழக்கு என்றாலும், உறுப்பின் எல்லை கேட்பவருக்குத் தெரியவேண்டும் என்று விரும்பி ‘ரொம்ப்-ஐக்கோசி’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னாலும் அசைகள் ஒன்பதுதான். கண்காட்சியில் பொருளை விளக்கும்போது மட்டும் ‘ஐக்கோசி’ என்று பிரித்துச் சொல்லி, பெயரைச் சொல்லும்போது ‘ரொம்பிக்கோசி’ என்று சேர்த்துச் சொன்னால் கேட்பவர்களுக்கும் நன்றாக விளங்கும் என்று நினைக்கிறேன்.

‘ஹெட்ரல்’ என்ற குறில் உச்சரிப்பு தவறன்று. பிரிட்டனில் ‘ஹீட்ரல்’, ‘ஹெட்ரல்’ இரண்டும் வழங்குகின்றன; அமெரிக்காவில் ‘ஹீட்ரல்’ என்பதே வழக்கம். அழுத்தம் மட்டும் அந்த அசையிலிருந்து நகரக்கூடாது. அங்கே நிற்கும் எச் என்ற எழுத்துக்கும் ஒரு கதை உண்டு. ‘ஹெட்ரா’ வேறொரு சொல்லின் பின்னே சேர்ந்தபோது கிரேக்க எழுத்தில் அந்த மூச்சொலி எழுதப்படுவதில்லை. பிரெஞ்சு இன்றும் பன்னிருமுகியை எச் இல்லாமல்தான் எழுதுகிறது, ஜெர்மனும் அப்படியே. ஆங்கிலம் மூலச்சொல்லை நினைவில் வைத்து அதைத் திரும்பக் கொண்டுவந்தது. மெலிந்த ‘அ’ உங்கள் மகளுக்குத் தவறுகிறது என்றீர்களே, அதற்கு இந்த எச் உதவும். ‘ஹீ’ என்பதற்கு முன் மூச்சை ஒரு நொடி திறந்துவிடச் சொல்லுங்கள். ககரத்திலிருந்து நேராக ஹகரத்துக்குத் தாவ வாய் சோம்பும், இடையில் ‘அ’ தானே வந்து நிற்கும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். அகராதிகளில் தலைச்சொல்லின் நடுவே வைக்கப்படும் புள்ளிகளைப் பார்த்து அசைகளை எண்ணவேண்டாம். சில அகராதிகளில் அவை வரியின் இறுதியில் சொல்லை எங்கே உடைத்து எழுதலாம் என்பதைக் காட்டுபவை; ஓரெழுத்து அசையைத் தனியே பிரித்து வரியில் தொங்கவிட அச்சுக்கோப்பவர்கள் விரும்புவதில்லை என்பதால் ‘டெக்’, ‘அ’ இரண்டையும் ஒன்றாகவே விட்டிருப்பார்கள். அசைகளுக்கு உச்சரிப்புக் குறியீட்டைத்தான் பார்க்கவேண்டும்.


கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அட்டையை இன்று எழுதி முடித்தோம். மேல் வரியில் ஒன்பது அசைகளையும் சிறு இடைவெளி விட்டு எழுதி, ‘ஹீ’ என்பதன் அடியில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறாள். கீழ் வரியில் அதே சொல்லை உறுப்புகளாகப் பிரித்து, ‘ரோம்ப்’ என்பதை வெள்ளைத் தாளிலும், ‘இகோசி’ என்பதை மஞ்சள் தாளிலும், ‘டோடெகா’ என்பதை நீலத் தாளிலும் வெட்டி ஒட்டியிருக்கிறாள். ‘ஹீட்ர்’, ‘அல்’ இரண்டுக்கும் சாம்பல் நிறம். இரண்டு வரிகளுக்கும் நடுவே, பி என்ற எழுத்திலிருந்து மேலும் கீழுமாக இரண்டு அம்புக்குறிகள் வரைந்திருக்கிறாள். மேலே அது இரண்டாம் அசையில் நிற்கிறது, கீழே முதல் உறுப்பில் நிற்கிறது. அந்த அம்புக்குறிகளின் அருகே ‘உயிரெழுத்து’ என்ற சொல்லையும் தமிழில் எழுதச் சொன்னவர் என் தந்தையார்.